அறுபதாயிரம் ஏலக்காய்ப் பாக்கெட்டுகளும் ‘ஆர்’ மென்பொருளும்: ஒரு பயனரின் மதிப்புரை

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பாக்கெட் போடும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கும் தரக்கட்டுப்பாடும் பார்த்து வருகிறேன். உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் விளையும் காய் ஏலத்தில் எடுக்கப்பட்டு, போடிமெட்டு வழியாக இறங்கி வந்து, எங்கள் கிடங்கின் சல்லடைகளில் எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று பிரிந்து, 100 கிராம் பாக்கெட்டுகளாக வெளியூர் போகிறது. பாக்கெட் போடுவதற்கு இரண்டு லைன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசியிலும் எடை சரிபார்க்கும் இயந்திரம் ஒன்று நின்று, தன் மேல் ஓடிச் செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டின் எடையையும் 0.1 கிராம் துல்லியத்தில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. மூன்று மாதங்களில் அந்தக் கோப்பில் அறுபதாயிரம் வரிகள் சேர்ந்துவிட்டன.

இந்தத் தரவை வெளியூரில் இருக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் முதலாளி கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பளபளப்பான அட்டையுடன் ஓர் அறிக்கை வந்தது. எடைகள் மணி வடிவ வளைகோட்டைப் பின்பற்றும் இயல்நிலைப் பரவலில் இல்லை என்றும், பி-மதிப்பு (தரவு உண்மையில் இயல்நிலையாக இருந்தால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-ஐவிட மிகமிகக் குறைவு என்றும், ஆகவே நிரப்பும் இயந்திரம் கட்டுப்பாட்டில் இல்லை என்றும், புதிய நிரப்பு தலைகள் வாங்குவது நல்லது என்றும் அதில் எழுதியிருந்தது. முதலாளி அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டு, “இதுல இருக்கிற கணக்கு சரியான்னு மட்டும் பாருங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிச் சென்றார். அந்த ஒரு வேலைக்காகத்தான் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளை என் கணினியில் நிறுவினேன். அதன் பிறகு ஓராண்டு அதைப் பயன்படுத்திய அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய இந்த மென்பொருளின் 1.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியானது. இதற்கு விலை கிடையாது, ஆண்டுச் சந்தாவும் கிடையாது. நிறுவுவதற்கு எங்கள் ஊர் இணையத்தில்கூட ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. திறந்தவுடன் பட்டியலோ பொத்தானோ இல்லாத ஒரு வெற்றுப் பெட்டியும் அதில் மினுங்கும் ஒரு குறியும் மட்டும் வரும் என்பதால், எக்செல்லில் பழகிய கைக்கு முதல் இரண்டு நாள் எரிச்சல் நிச்சயம். எனக்கும் வந்தது.

முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதைத்தான். தரவு இயல்நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனையை முழுக் கோப்பின் மேல் ஓடவிட்டேன். மென்பொருள் மறுத்துவிட்டது, மாதிரியின் அளவு 3-க்கும் 5000-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் பதில் சொல்லி நின்றுவிட்டது. இதைக் குறை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இதை அந்த மென்பொருளின் நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஷாபிரோவும் வில்க்கும் 1965-இல் இந்தச் சோதனையை வெளியிட்டபோது 50 அளவீடுகள் வரைக்குமான அட்டவணையைத்தான் கொடுத்தார்கள். அதை ராய்ஸ்டன் 1982-இல் 2000 வரைக்கும், 1995-இல் 5000 வரைக்கும் நீட்டினார். அதற்கு மேல் பி-மதிப்பைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதால் ஆர் அங்கேயே கதவைச் சாத்துகிறது. பைத்தான் நிரல்மொழியின் சைபை நூலகமோ இதே சோதனையை 5000-க்கு மேலும் ஓட்டி, பி-மதிப்பு துல்லியமாக இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கையோடு விடையையும் கொடுத்துவிடுகிறது. எச்சரிக்கையைப் படிக்காமல் விடையை மட்டும் அறிக்கையில் ஒட்டுகிறவர்கள் இருக்கும் உலகத்தில் எனக்கு ஆரின் முறைதான் பிடித்திருக்கிறது.

மறுக்கப்பட்டதும் நான் அடுத்த தந்திரத்துக்குப் போனேன். கோப்பிலிருந்து 50 பாக்கெட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தேன். இப்படி இருபது முறை செய்ததில் ஒரே ஒரு முறைதான் ‘இயல்நிலை இல்லை’ என்று வந்தது. பிறகு 5000 பாக்கெட்டுகளாக எடுத்துச் சோதித்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்றே வந்தது. கிடங்கு அதே, காய் அதே, இயந்திரமும் அதே. மாறியது நான் எடுத்த கைப்பிடியின் அளவு மட்டும். ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை எங்கே சறுக்கியது என்பது எனக்குப் புரியத் தொடங்கிய இடம் இதுதான்.

இதற்கான கணக்கு அவ்வளவு கடினமானதும் அல்ல. ஒரு பரவல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை அளப்பது கோட்டளவை. தரவு உண்மையிலேயே இயல்நிலையில் இருந்தாலும் குலுக்கலின் காரணமாகக் கோட்டளவை சற்று மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தின் வழக்கமான அளவான திட்டப்பிழை, 6-ஐ மாதிரியின் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். 100 பாக்கெட்டுக்கு அது 0.24, 60,000 பாக்கெட்டுக்கு அது வெறும் 0.01. அதாவது 100 பாக்கெட்டில் யார் கண்ணிலும் படாமல் போகும் 0.03 என்ற சாய்வு, அறுபதாயிரத்தில் மூன்று திட்டப்பிழை தள்ளி நிற்கும் பெரும் குற்றமாகிவிடுகிறது. பரவலின் ஓரங்களான வால்கள் எவ்வளவு கனமானவை என்பதை அளக்கும் தட்டையளவைக்கும் இதே கதைதான். அங்கே 6-க்குப் பதில் 24, ஆகவே திட்டப்பிழை 0.02. எங்கள் தரவில் கோட்டளவை 0.08 ஆகவும், இயல்நிலையோடு ஒப்பிட்ட தட்டையளவை −0.29 ஆகவும் இருந்தன. தாளில் வரைந்து காட்டினால் எவரும் மணி வடிவம் என்றுதான் சொல்வார்கள். சோதனையோ பி-மதிப்புக்கு எதிரே 2.2-ஐயும் அதன் பின்னால் பத்தின் அடுக்கு −16-ஐயும் அச்சிட்டு, அதற்கும் குறைவு என்று சொல்லிவிட்டது.

அறுபதாயிரம் அளவீடுகளை வைத்துக்கொண்டு ‘இது இயல்நிலைதானா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் ஏறக்குறைய எப்போதும் வந்தே தீரும், ஏனென்றால் கிடங்கில் ஓடும் எந்த இயந்திரமும் பாடப்புத்தகத்து வளைகோட்டை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை. எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த இடத்தில் விலகியிருக்கிறது, ஏன் விலகியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு பி-மதிப்பு வாயே திறப்பதில்லை.

அடுத்து, 0.1 கிராமுக்கு எடையை முழுமையாக்குவதால் வரும் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை எந்திரத்தோடு வேலை செய்கிற எல்லாருக்கும் இது வரும். தரவின் பரவலுக்கும் இயல்நிலை வளைகோட்டுக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை அளக்கும் கோல்மோகரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையை ஓட்டியபோது, ஒரே மதிப்பு மீண்டும் மீண்டும் வரக்கூடாது என்று ஆர் எச்சரித்தது. எங்கள் கோப்பிலோ 100.6 என்ற ஒரே எடை ஆயிரக்கணக்கான முறை வருகிறது. சராசரியையும், எடைகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தையும் அதே தரவிலிருந்து எடுக்கும்போது பயன்படுத்த வேண்டிய, இந்தச் சோதனையின் லில்லிஃபோர்ஸ் வடிவத்தில், 60,000 அளவீடுகளுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச விலகல் ஏறத்தாழ 0.0036 தான். ஆனால் எடையை 0.1 கிராமுக்கு முழுமையாக்கியதால் மட்டுமே எங்கள் பரவலின் நடுப்பகுதியில் 0.027 அளவுக்கு விலகல் உண்டாகிவிடுகிறது. அனுமதியைப் போல ஏழு மடங்கு. நிரப்பும் தலை தங்கத்தால் செய்ததாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்றுத்தான் போயிருக்கும். அறிக்கை எழுதியவர்கள் எந்தச் சோதனையைப் பயன்படுத்தினார்கள் என்பது அறிக்கையிலேயே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

ஆர் மென்பொருளுக்கு நான் கொடுக்கும் பாராட்டெல்லாம் அதன் படங்களுக்குத்தான். எந்த எடையில் எத்தனை பாக்கெட் என்று பட்டைகளாகக் காட்டும் செவ்வகப்படத்தை வரையச் சொன்னால் பட்டைகளின் எண்ணிக்கையை அதுவே தீர்மானிக்கிறது. ஆசையில் நான் நூறு பட்டை கேட்டேன்; ஒன்று விட்டு ஒரு பட்டை காலியாகி, படம் பல் உடைந்த சீப்பைப் போல வந்தது. 0.1 கிராமில் எழுதிய எடைகளை 0.05 கிராம் பெட்டிகளில் போட்டால் பாதிப் பெட்டிகளில் விழுவதற்கு எதுவும் இருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. பட்டையின் அகலத்தை 0.1-இன் முழு மடங்காக வைத்தபின் படம் ஒழுங்காயிற்று.

உண்மையான வேலையைச் செய்தது கியூ-கியூ படம். அறுபதாயிரம் எடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, இயல்நிலைப் பரவலாக இருந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் என்ன எடை இருந்திருக்க வேண்டுமோ அதற்கு எதிராகப் புள்ளி வைப்பதுதான் அந்தப் படம். தரவு இயல்நிலையில் இருந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டின் மேல் அமரும். படத்துக்கு ஒரு கட்டளை, ஒப்பிடும் கோட்டுக்கு இன்னொரு கட்டளை. இரண்டும் மென்பொருளோடு கூடவே வருபவை. திரையில் படம் வந்ததும் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, கோடு முழுக்கப் படிக்கட்டு. அது 0.1 கிராமின் வேலை என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டேன். இரண்டாவது, இடது ஓரத்தில் புள்ளிகள் கீழே இறங்காமல் 99.0 கிராமில் தரை போட்டது போலப் படுத்துக் கிடந்தன. ஒரு பாக்கெட்கூட 98.9 இல்லை. இயற்கையில் எந்த வாலும் கத்தியால் வெட்டியது போல முடியாது என்பதால் லைனுக்குப் போய்ப் பார்த்தேன். 99 கிராமுக்குக் குறைந்த பாக்கெட்டுகளை எடை இயந்திரத்தின் தள்ளுகை பக்கவாட்டுக் கூடையில் தட்டிவிடுகிறது. தட்டிவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எடை இந்தக் கோப்பில் ஏறுவதில்லை. அவற்றின் எண்ணிக்கையை லைனில் நிற்கும் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார். நாங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பியதே வால் வெட்டிய தரவு. இது எங்கள் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாரம் தரவை வைத்திருந்தவர்கள் ஒரு தடவை படம் வரைந்திருந்தால் தொலைபேசியில் கேட்டிருப்பார்கள்.

மூன்றாவதுதான் காசு விஷயம். வலது ஓரத்திலும் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தங்கிவிட்டன. அதாவது மணியின் வால் இருக்க வேண்டிய நீளத்தைவிடக் குட்டை, தோள்கள் அகலம். சற்றே தள்ளி நிற்கும் இரண்டு மணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இப்படித்தான் தெரியும். கோப்பில் லைன் எண்ணுக்கென்று ஒரு பத்தி இருந்தது. அதை வைத்துத் தரவை இரண்டாகப் பிரித்து மீண்டும் படம் வரைந்தேன். முதல் லைனின் சராசரி 100.3 கிராம், இரண்டாம் லைனின் சராசரி 101.1 கிராம், இரண்டுக்கும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0.6. தனித்தனியே பார்க்கும்போது, வெட்டிய வாலும் படிக்கட்டும் போக, புள்ளிகள் கோட்டை விட்டு நகரவே இல்லை.

இரண்டாம் லைனில் நிற்கும் அக்காவிடம் கேட்டேன். “போன ஐப்பசியில எடை குறையுதுன்னு ஒரு பார்ட்டி சத்தம் போட்டாங்கல்ல சார், அப்ப ஏத்தி வச்சது, யாரும் இறக்கச் சொல்லலையே” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. 0.8 கிராம் என்பது மூன்று நான்கு காய். ஆனால் அந்த லைனில் மூன்று மாதத்தில் ஓடிய 30,000 பாக்கெட்டுக்கு அது 24 கிலோ ஏலக்காய். புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு 24 கிலோ எட்டு எம்எம் காயின் மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்தபின், தரவு இயல்நிலையில் இருக்கிறதா என்ற கேள்வி எங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் யோசித்தேன். சராசரியை ஒப்பிடுவதற்கு அது தேவையே இல்லை. இத்தனை ஆயிரம் அளவீடுகளின் சராசரி, மைய எல்லைத் தேற்றத்தின்படி, மூலத் தரவு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இயல்நிலையாகவே நடந்துகொள்ளும். ஐந்து ஐந்து பாக்கெட்டாக எடுத்துச் சராசரி போடும் கட்டுப்பாட்டு வரைபடமும் இந்த அளவு சிறு விலகலுக்குக் கலங்குவதில்லை. சட்டமுறை எடையளவுத் துறையின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளில் 100 கிராம் பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சப் பிழை 4.5 கிராம், அந்த எல்லைக்குக் கீழே எத்தனை போகின்றன என்று அறிய, நூறு பாக்கெட்டை வைத்திருப்பவர் வளைகோட்டின் வாலை நம்பித்தான் ஆக வேண்டும், அறுபதாயிரத்தை வைத்திருப்பவர் எண்ணிவிடலாம். அதற்கும் ஆரில் ஒரே வரிதான். நோட்டில் இருப்பது எண்ணிக்கை மட்டும்தான் என்பதால், கூடையில் விழுபவற்றைத் தனியே எடை போட்டுச் சேர்க்க வேண்டும்.

மற்ற மென்பொருள்களையும் பார்த்தேன். எக்செல்லில் 10,48,576 வரிகள் வரை இடம் இருப்பதால் கோப்பு தாராளமாகக் கொள்கிறது. செவ்வகப்படமும் கோட்டளவையும் கிடைக்கின்றன. கியூ-கியூ படத்துக்கு மட்டும் நீங்களே வரிசைப்படுத்தி, சூத்திரம் எழுதி, புள்ளிப்படம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை செய்யலாம், மாதாமாதம் செய்யப் பொறுமை இருக்காது. கட்டளை தட்டுவதே பிடிக்காதவர்கள் ஜமோவி என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். அது ஆரின் மேல் கட்டியதுதான், பொத்தானை அழுத்தினால் கியூ-கியூ படம் வந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நான் அதைத்தான் முதலில் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அவரே ஆருக்கு வந்துவிட்டார்.

ஆரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பிழைச் செய்திகள் சுருக்கமாக இருப்பதாலேயே சில நேரம் புதிர் போல இருக்கின்றன. அறுபதாயிரம் புள்ளிகள் கொண்ட படத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே எழுதப்பட்டுக் கோப்பு பருத்துவிடுகிறது. திறப்பவரின் கைபேசி திணறும். பிஎன்ஜி படமாகச் சேமிப்பதே நல்லது. தமிழில் பத்தித் தலைப்பு வைப்பவர்கள் பழைய பதிப்பைத் தவிர்க்க வேண்டும். விண்டோஸில் யூடிஎஃப்-8 எழுத்து முறையை ஆர் இயல்பாக ஏற்கத் தொடங்கியது 2022-இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்துதான். ஆண்டர்சன்-டார்லிங், லில்லிஃபோர்ஸ் போன்ற சோதனைகள் வேண்டுமென்றால் தனித் தொகுப்பை நிறுவ வேண்டும், ஆனால் மேலே சொன்ன காரணங்களால் பெரிய தரவுக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யவில்லை. ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன்; அந்த அரை, முதல் இரண்டு நாள் எரிச்சலுக்கு.

ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம் திரும்பி வரவில்லை, புதிய நிரப்பு தலைகளும் வாங்கவில்லை. இரண்டாம் லைனின் இலக்கு எடையை 100.4-க்கு இறக்கினோம். கூடையில் விழும் பாக்கெட்டின் எடையும் கோப்பில் ஏறும்படி எடை இயந்திரத்தைப் பராமரிப்பவரை வைத்து மாற்றிக்கொண்டோம். மாதக் கடைசியில் நான் இன்னும் கியூ-கியூ படம் வரைகிறேன், லைனுக்கு ஒன்றாக இரண்டு தாள். இடது ஓரம் இப்போது தரையில் படுக்காமல் இறங்கிப் போகிறது. படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.